மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மூச்சுத் தசைக்கும் பயிற்சி உண்டு

உடல் எடை கூடியவர்கள் பிசியோதெரபிக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் என் கண் போவது அவர்களின் கழுத்துக்குத்தான். மூச்சை இழுக்கும்போது தோள் தூக்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தால், உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முக்கிய மூச்சுத் தசை) தனியாகச் சமாளிக்க முடியாமல் கழுத்துத் தசைகளைத் துணைக்குக் கூப்பிடுகிறது என்று புரிந்துவிடும்.

தொப்பைக் கொழுப்பு உதரவிதானத்தை எளிதில் கீழே இறங்க விடாது. படுத்தால் இன்னும் மேலே தள்ளும். ஒவ்வொரு மூச்சும் கூடுதல் உழைப்பு. "மாடி ஏறினா காலு கனக்குது, காலுக்கு ஏதாவது எக்சர்சைஸ் சொல்லுங்க" என்பார்கள். கோளாறு காலில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. மூச்சுத் தசைகள் களைத்துப்போனால் பரிவு நரம்பு மண்டலம் (ஆபத்து, அவசரம் என்றால் உடலை உஷார்ப்படுத்தும் நரம்புகள்) முடுக்கப்பட்டு, கைகால் தசைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தமும் ஏறுகிறது. இதயத்துக்கு இரட்டை வேலை.

இதற்குத்தான் மூச்சுத் தசைப் பயிற்சி. கையடக்கக் கருவி, உள்ளே ஸ்பிரிங் வால்வு. போதுமான விசையோடு இழுத்தால்தான் திறக்கும். "மூணு பந்து ஊதுற மெஷின் வீட்ல இருக்கே, அது போதாதா?" என்று கேட்காதவர் குறைவு. (அது ஊதுவதற்கில்லை, இழுப்பதற்கு. நாம் ஊதிக்கொண்டே இருக்கிறோம்!) அது ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் விரிய உதவும், தசையை வலுப்படுத்தும் அளவுக்கு எதிர்ப்பு தராது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் வந்தது. 50 முதல் 79 வயதுவரையுள்ள 36 பேர். கடினமான எதிர்ப்பில் தினம் 30 மூச்சு, வாரம் 6 நாள், 6 வாரம் செய்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) சராசரியாக 9 புள்ளி இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் சின்ன ஆய்வு, பருமனானவர்களுக்கென்றே நடத்தியதுமல்ல. இதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். எடையும் இதனால் குறையாது; நடக்கும்போது சீக்கிரம் மூச்சு வாங்காமல் இருந்தால் இன்னும் நாலு தெரு கூடுதலாக நடப்பீர்கள், நான் எதிர்பார்க்கும் லாபம் அது.

முதலில் நீங்கள் எவ்வளவு விசையோடு இழுக்கிறீர்கள் என்று அளப்போம். பெரும்பாலும் அதில் 30 சதவீதத்தில் தொடங்கி, மெல்ல ஏற்றுவோம். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் போட்டு, உதடு இறுக மூடி இழுக்க வேண்டும். தோள் தூக்கக் கூடாது, வயிறு முன்னே வர வேண்டும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரமரக்கும். அப்போது நிறுத்திவிட்டு, சற்று ஆறித் தொடரலாம்.

அண்மையில் மாரடைப்போ வயிற்று ஆபரேஷனோ நடந்தவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த வரலாறு உள்ளவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கருவியைத் தொட வேண்டாம். நெஞ்சு வலி, கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் இதய டாக்டரிடம் போய் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். பயிற்சி பிறகு.

ஆளுக்கொரு கருவி வேண்டும். வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றி வாயில் வைக்காதீர்கள்.