காரவிரும்பி: ஒரு சொல்லின் வேரும் பொருளும்

அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவில் (7 என்பது நடுநிலை) 9-ஐத் தாண்டிய காரச் சூழலில் செழித்து வளர்ந்து, நடுநிலைச் சூழலில் மெலிந்தோ முற்றிலும் வளராமலோ போகும் நுண்ணுயிரியை அல்கலிஃபைல் என்பர். பழைய கட்டுரைகளில் அல்கலோஃபைல் என்ற வடிவமும் காணப்படும். தமிழில் இதற்குக் காரவிரும்பி என்பதே பொருத்தமான சொல் என்பது என் துணிபு.

சொல்லின் முன்பாதி அரபு மொழியிலிருந்து வந்தது. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் 'அல்-கலி' என்றனர். அந்தச் சாம்பலிலிருந்து கிடைத்த சோடியம் கார்பனேட்டே அக்காலத்தவர் அறிந்த காரப்பொருள்களுள் முதன்மையானது. பின்பாதி, அன்புடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழில் வழங்கும் காரம் வடமொழியின் க்ஷாரத்தோடு தொடர்புடையது, அந்தச் சொல்லும் சாம்பலிலிருந்து எடுக்கும் அரிக்கும் பொருளைக் குறித்தது. வெவ்வேறு மொழிகளில் பிறந்த இரு சொற்களும் ஒரே சாம்பலில் வந்து நிற்பதால், இந்தப் பெயர்ப்பில் மூலத்தின் பொருள் சிறிதும் சிதையவில்லை.

சிலர் காரத்தாங்கி என்றும் எழுதுகின்றனர். அது வேறு பொருளுக்கு உரிய சொல். சுமைதாங்கி சுமையைப் பொறுத்துக்கொள்வதுபோல, காரத்தைப் பொறுத்துக்கொண்டாலும் நடுநிலையிலேயே நன்கு வளரும் பாக்டீரியமே காரத்தாங்கி. காரவிரும்பிக்கோ காரம் இன்றியமையாதது. ஆயினும் அதன் விருப்பம் செல்சுவரோடு நின்றுவிடுகிறது என்பதை மறக்கலாகாது. வெளியே பி.எச். 10.5 இருக்கும்போதும் செல்லின் உட்புறம் ஏறத்தாழ 8 அளவிலேயே இருக்கிறது. சோடியம் அயனிகளை வெளியே தள்ளி ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இழுக்கும் சவ்வுப் புரதங்கள் இந்த வேறுபாட்டை இடைவிடாது காக்கின்றன. காரவிரும்பிகளான பாசில்லஸ் என்னும் கோல்வடிவ பாக்டீரியங்களின் கசையிழைகள், அதாவது அவை நீந்த உதவும் வால்போன்ற இழைகள், சுழல்வதும் சோடியம் அயனிகளின் ஓட்டத்தால்தான்.

இத்தகைய உயிரிகள் சோடியம் கார்பனேட் மிகுந்த சோடா ஏரிகளில் மட்டுமே வாழும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானிய அறிஞர் கோகி ஹோரிகோஷி, சாதாரணத் தோட்டமண்ணிலிருந்தே இவற்றைப் பிரித்தெடுத்து, ஒரு பாசில்லஸ் சுரந்த, காரத்தில் தொழிற்பட்டுப் புரதத்தைச் சிதைக்கும் நொதியான காரப் புரோட்டியேசு குறித்து 1971-இல் கட்டுரை வெளியிட்டார். அவருடைய முறை எளியது: குளுக்கோசும் பெப்டோனும் ஈஸ்ட் சாறும் கொண்ட வளர்ப்பூடகத்தில் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, பி.எச். அளவை 10-க்கு அருகில் கொண்டுசென்றார். கார்பனேட்டைத் தனியே கிருமிநீக்கம் செய்து பிறகே கலக்க வேண்டும். சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கினால் ஊடகம் பழுப்பேறிவிடும். பால்புரதம் கலந்த வெண்மையான அகார் (கூழ்போல் உறையும் ஊடகம்) தட்டில் மண்கரைசலைப் பரப்பி வைத்தால், புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் பாக்டீரியக் கூட்டத்தைச் சுற்றி மட்டும் வெண்மை கரைந்து தெளிந்த வளையம் தோன்றும். காரநொதி சுரக்கும் பாக்டீரியத்தைக் கண்ணாலேயே அடையாளம் காண அந்த வளையம் போதும்.

நொதி என்ற சொல்லுக்கும் இங்கே விளக்கம் தேவை. ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கியூன 1870-களில் உருவாக்கிய என்சைம் என்பதற்குப் 'புளித்த மாவினுள்' என்பது நேர்ப்பொருள். தமிழின் நொதியும் நொதித்தல் என்ற அதே நிகழ்விலிருந்தே பிறந்தது. இலங்கைத் தமிழில் நொதியம் என்பர். காரநொதி என்பது காரத்தில் தொழிற்படும் நொதியைக் குறிக்க வேண்டுமேயன்றி, காரவிரும்பியில் உள்ள எல்லா நொதிகளையும் அன்று. செல்லினுள் இருந்து வேலை செய்பவை மிதமான சூழலுக்கு ஏற்றவை. வெளியே சுரக்கப்படும் புரோட்டியேசு, மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு, செல்லுலோசைச் சிதைக்கும் செல்லுலேசு போன்றவையே கடும் காரத்திலும் செயலிழக்காதவை. சலவைத்தூள் கரைந்த காரநீரில் கறைகளை அகற்ற இத்தகைய நொதிகள் பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

எழுதும்போது காரவிரும்பி என்று ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுத வேண்டும். காரம் என்பது உறைப்பையும் குறிப்பதால், பிரித்து எழுதினால் சுவையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.