ஒரே அதிர்ச்சி, இரண்டு கோடுகள்: அமெரிக்க, ஜெர்மன் வேலையின்மையை ஒப்பிடுவது எப்படி?

உலக நிதி நெருக்கடி தாக்கிய 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 5 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அமெரிக்காவின் சரிவு அதில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் வேலையின்மைக் கோடுகள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் 2007இல் 4.6 சதவீதமாக இருந்த வேலையின்மை வீதம், 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. ஜெர்மனியில் பதிவான வேலையின்மையின் ஆண்டுச் சராசரி 2008இன் 7.8இலிருந்து 2009இல் 8.1 சதவீதத்துக்கு மட்டுமே நகர்ந்தது. பெரிய அடி வாங்கிய நாட்டில் கோடு கிட்டத்தட்ட அசையவே இல்லை. அதற்கான காரணத்தில் பாதி பொருளாதாரத்தில் இருக்கிறது, மீதிப் பாதி எண்ணும் முறையில்.

முதலில் எண்ணும் முறை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி ஒருவர் வேலையற்றவராகக் கணக்கில் வர மூன்று நிபந்தனைகள் உண்டு. கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்காக ஒரு மணி நேரம்கூட உழைத்திருக்கக் கூடாது. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும். வேலை கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களையும் வேலையற்றவர்களையும் கூட்டினால் கிடைப்பது தொழிற்படை. அதில் வேலையற்றவர்களின் பங்குதான் வேலையின்மை வீதம்.

இந்த வகுத்தல் கணக்கில் வகு எண்ணும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 பேர் வேலையிலும் 5 பேர் வேலை தேடிக்கொண்டும் இருந்தால் வீதம் 5/65, அதாவது 7.7 சதவீதம். தேடியவர்களில் இருவர் மனம் தளர்ந்து தேடுவதை நிறுத்திவிட்டால் 3/63, அதாவது 4.8 சதவீதம். ஒரு வேலைகூட உருவாகவில்லை, வீதம் மட்டும் இறங்கிவிட்டது. இது கற்பனைச் சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 2009 அக்டோபருக்கும் 2013 டிசம்பருக்கும் இடையே வேலையின்மை வீதம் 10இலிருந்து 6.7 சதவீதத்துக்கு இறங்கியது. அதே காலத்தில் மக்கள்தொகையில் வேலை செய்வோரின் பங்கு 58.5 சதவீதத்தை ஒட்டியே நின்றது. மக்கள்தொகை முதுமை அடைந்தது ஒரு காரணம். தேடுவதை நிறுத்தியவர்கள் இன்னொரு காரணம். ஆகவே வேலையின்மைக் கோட்டை ஒருபோதும் தனியாக வரையக் கூடாது. வேலைவாய்ப்புப் பங்கின் கோட்டையும் அதற்குக் கீழே வரைந்து பார்க்க வேண்டும்.

இப்போது தரவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் மாதந்தோறும் சுமார் 60,000 குடும்பங்களிடம் கேள்வி கேட்கிறார்கள். 12ஆம் தேதி வரும் வாரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அடிப்படைக் கேள்வி. அரசு அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறாரா, உதவித்தொகை பெறுகிறாரா என்பதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. ஜெர்மனியிலோ இரண்டு எண்கள் உலவுகின்றன. ஒன்று, வேலைவாய்ப்பு முகமையில் பதிந்தவர்களின் எண்ணிக்கை. செய்திகளில் அதிகம் அடிபடுவது இதுதான். வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்ப்பவரும் இதில் வேலையற்றவராக இருக்க முடியும். மற்றொன்று, பன்னாட்டு வரையறைப்படி கணக்கெடுப்பின் மூலம் வருவது. 2019இல் முதல் கணக்கில் 5 சதவீதம், இரண்டாவது கணக்கில் சுமார் 3 சதவீதம். அமெரிக்காவின் கணக்கெடுப்பு எண்ணுக்கு அருகில் ஜெர்மனியின் பதிவு எண்ணை வைத்தால், தொடக்கத்திலேயே இரண்டு சதவீதப் புள்ளிகள் பிழை.

ஒரே வரையறையை எடுத்தாலும் சின்னச் சின்ன வேறுபாடுகள் மிஞ்சும். ஐரோப்பியக் கணக்கெடுப்பில் வேலை விளம்பரங்களைப் படிப்பதும் தேடலாகக் கொள்ளப்படும். அமெரிக்காவில் விண்ணப்பிப்பது, நிறுவனத்தை அழைப்பது போன்ற செயல் வேண்டும். அமெரிக்கா 16 வயதிலிருந்து எண்ணுகிறது, ஐரோப்பா 15இலிருந்து. இவை கோட்டைச் சற்று மேலும் கீழும் நகர்த்துமே தவிர, அதன் வடிவத்தை மாற்றாது. வடிவத்தைக் கெடுப்பவை தரவுத் தொடரில் வரும் முறிவுகள், அதாவது எண்ணும் எல்லையோ விதியோ மாறும் இடங்கள். 1990க்கு முந்தைய ஜெர்மன் தொடர் மேற்கு ஜெர்மனிக்கு மட்டும் உரியது. ஒருங்கிணைப்புக்குப் பின் கிழக்கின் உயர்ந்த வேலையின்மையும் சேர்ந்துகொண்டது. 2005 ஜனவரியில் பதிவான வேலையற்றோர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. அந்த உயர்வில் ஒரு பெரும் பகுதிக்கு, உதவித்தொகை விதிகளை மாற்றி அதே மாதம் நடைமுறைக்கு வந்த ஹார்ட்ஸ் சீர்திருத்தமே காரணம். அதுவரை சமூக நல உதவி பெற்றுக்கொண்டிருந்த பலர் ஒரே நாளில் வேலையற்றோர் பட்டியலுக்குள் வந்தார்கள். வரைபடத்தில் இந்த இடங்களில் செங்குத்துக் கோடு போட்டுக் குறிப்பெழுதாமல் விடுவது பெரிய தவறு.

மாத எண்களைப் பயன்படுத்தினால் பருவகாலச் சீரமைப்பு செய்த தொடரையே எடுக்க வேண்டும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் கட்டட வேலைகள் நிற்பதால் ஒவ்வொரு ஜனவரியிலும் எண்ணிக்கை ஏறும். அமெரிக்க வீதத்தில் மாதத்துக்கு மாதம் 0.1 புள்ளி மாறினால் அதைப் போக்கு என்று சொல்ல முடியாது, எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழைக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

இனி 2009இன் புதிரின் மையத்துக்கு வரலாம். ஜெர்மனியில் ஆர்டர் குறைந்தால் நிறுவனங்கள் ஆட்களை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கின்றன. இதற்குக் குர்ட்ஸ்ஆர்பைட், அதாவது குறுகிய நேர வேலை என்று பெயர். இழந்த நிகர ஊதியத்தில் 60 சதவீதத்தை அரசு முகமை தரும். குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதம். நேரக் குறைப்பால் ஒருவரின் நிகர ஊதியத்தில் 800 யூரோ குறைந்தால் 480 யூரோ திரும்பக் கிடைக்கும். நல்ல காலத்தில் கூடுதலாக உழைத்த நேரத்தைச் சேமித்து வைக்கும் கணக்குகளும் கைகொடுத்தன. 2009இல் அங்கே ஒரு தொழிலாளி உழைத்த சராசரி நேரம் சுமார் 3 சதவீதம் குறைந்தது, வேலையில் இருந்தோர் எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறவில்லை. அதிர்ச்சி நேரத்தில் விழுந்தது, ஆட்கள் எண்ணிக்கையில் விழவில்லை. அமெரிக்காவில் சரிந்தது வீட்டுக் கட்டுமானமும் நிதித் துறையும். திரும்பி வராத வேலைகள் அங்கே ஏராளம்.

கொரோனா முடக்கம் வந்த 2020இல் எண்ணும் முறையின் பங்கு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்க வீதம் பிப்ரவரியில் 3.5, ஏப்ரலில் 14.8 சதவீதம். அந்த ஏப்ரலின் 2.3 கோடி வேலையற்றோரில் சுமார் 1.8 கோடிப் பேர் தற்காலிக லே-ஆஃப் ஆனவர்கள். அமெரிக்க விதிப்படி அவர்கள் மட்டும் வேலை தேட வேண்டியதில்லை, திரும்ப அழைக்கப்படும் எதிர்பார்ப்பு இருந்தாலே வேலையற்றவர்கள்தான். அதே மாதம் ஜெர்மனியில் சுமார் 60 லட்சம் பேர் குறுகிய நேர வேலையில் இருந்தார்கள். பலர் ஒரு மணி நேரம்கூட உழைக்கவில்லை. ஆனால் பணி ஒப்பந்தம் தொடர்ந்ததால் அவர்கள் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்பட்டார்கள். மூடிய உணவகத்தின் பணியாளர் சிகாகோவில் ஒரு பெட்டியிலும் கொலோனில் வேறு பெட்டியிலும் விழுந்தார்.

அமெரிக்க எண்ணிலும் ஒரு குறை இருந்தது. லே-ஆஃப் ஆன பலரைக் கணக்கெடுப்பாளர்கள் ‘வேலை உண்டு, இந்த வாரம் வரவில்லை’ என்று பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்தினால் ஏப்ரல் வீதம் கிட்டத்தட்ட 5 புள்ளிகள் கூடுதலாக இருக்கும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் பணியகமே சொன்னது.

இத்தகைய மாதங்களை ஒப்பிட ஒரு தோராயமான வழி உண்டு. குறுகிய நேர வேலையில் இருப்போர் எண்ணிக்கையை அவர்கள் இழந்த நேரத்தின் சராசரிப் பங்கால் பெருக்க வேண்டும். சராசரியாகப் பாதி நேரம் போயிருந்தால் 60 லட்சம் பேர் 30 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம். அதை வேலையற்றோரோடு கூட்டித் தொழிற்படையால் வகுக்கலாம். அமெரிக்கப் பக்கத்திலும் முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரம் பார்ப்பவர்களின் இழந்த நேரத்தை இதே போலக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய தவறு மறுபக்கமாகத் திரும்பிவிடும். நேரக் கணக்கு கிடைக்காவிட்டால், இரு நாடுகளிலும் உழைத்த மொத்த மணி நேரத்தை, அதிர்ச்சிக்கு முந்தைய காலாண்டை 100 என்று வைத்து வரைந்தாலே போதும். அந்த வரைபடத்தில் 2009இன் ஜெர்மன் கோடு தட்டையாக இருக்காது.