மாசசூசெட்ஸின் 351 சுகாதார வாரியங்களும் அவற்றுக்கு வந்த பணமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் உணவு வழியாகப் பரவும் சால்மோனெல்லா என்ற கிருமியின் தொற்று இருப்பதாக ஆய்வகம் உறுதி செய்தால், அந்த முடிவு மருத்துவரிடம் மட்டும் போய் நின்றுவிடுவதில்லை. மேவன் என்ற மாநிலத் தொற்றுநோய்க் கண்காணிப்பு மென்பொருள் வழியாக, நோயாளி குடியிருக்கும் ஊரின் சுகாதார வாரியத்துக்கும் அது சென்று சேர்கிறது. வாரியத்தின் செவிலியர் நோயாளியைத் தொலைபேசியில் அழைத்து, நோய் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் என்ன சாப்பிட்டார், எந்த உணவகத்துக்குப் போனார், வீட்டில் ஆமையோ கோழிக்குஞ்சோ வளர்க்கிறாரா என்றெல்லாம் விசாரிக்கிறார். நோயாளி உணவகச் சமையலறையில் வேலை செய்பவர் என்றால், மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரியும்வரை அவரை அந்த வேலையிலிருந்து விலக்கி வைப்பதும் வாரியத்தின் பொறுப்புதான். இந்த விசாரணை தள்ளிப்போகப் போக அதன் பயன் குறைந்துகொண்டே வரும். பத்து நாளைக்கு முன் இரவு என்ன சாப்பிட்டோம் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஆக, இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஊரில் தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே நடக்கிறது. மாசசூசெட்ஸில் 351 நகரங்களும் ஊர்களும் உள்ளன. சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுகாதார வாரியம் உண்டு. மக்கள்தொகையில் பல மடங்கு பெரிய கலிபோர்னியா இதே பணிகளை 61 உள்ளாட்சிச் சுகாதாரத் துறைகளைக் கொண்டு நடத்துகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பாஸ்டனில் வாழ்ந்தவர்கள் சுமார் 6,75,000 பேர். தீவுகளால் ஆன காஸ்னால்டு என்ற ஊரில் வாழ்ந்தவர்கள் சுமார் 70 பேர். சட்டம் சுமத்தும் கடமைகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உணவகங்களைச் சோதிக்க வேண்டும். வாடகை வீடுகள் வசிக்கத் தகுந்தவையா என்று பார்க்க வேண்டும். கடற்கரை நீரைப் பரிசோதிக்க வேண்டும். புதிதாகச் செப்டிக் டேங்க் அமைப்பவரின் நிலத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளக்கும்போது வாரியத்தின் சார்பில் ஒருவர் அங்கே நேரில் நின்று பார்க்க வேண்டும். மண் தண்ணீரை உறிஞ்சாவிட்டால் கழிவுநீர் மேலே பொங்கும். மிக வேகமாக உறிஞ்சினால் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

இந்த அமைப்பு பழமையானது. பாஸ்டன் 1799இல் தன் சுகாதார வாரியத்தை நிறுவியபோது அதன் தலைவராக இருந்தவர் விடுதலைப் போர்க்கால வீரர் பால் ரெவீர். பழமையானது என்பதற்காக இதைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நியாயமான சுகாதார விதிகளைத் தாமே இயற்றிக்கொள்ள மாநிலச் சட்டம் வாரியங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தித்தான் நீடம் என்ற ஊர் 2005இல், 21 வயது நிரம்பாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று நாட்டிலேயே முதலாவதாக விதி வகுத்தது. பக்கத்து ஊர்களைவிட அங்கே பள்ளி மாணவர்களிடையே புகைப்பழக்கம் வேகமாகக் குறைந்ததைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. 2019 டிசம்பரில் அதே வயது வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் சட்டமானது.

அதிகாரம் தந்த சட்டம் பணத்துக்கு வழி செய்யவில்லை. வாரியத்தின் செலவைப் பெரும்பாலும் ஊரின் சொத்து வரியே தாங்க வேண்டும். 1980இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின்படி, தனியாக வாக்கெடுப்பு நடத்தினால் ஒழிய, ஓர் ஊர் தன் மொத்த சொத்து வரி வசூல் வரம்பை ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. புதிய கட்டடங்களால் வரும் வரி மட்டும் இதற்கு விலக்கு. பள்ளி, காவல், தீயணைப்பு ஆகியவற்றுக்கு ஒதுக்கியது போக மீதமிருப்பதில்தான் சுகாதாரத்துக்குப் பங்கு. விளைவாக, பல சிற்றூர்களில் சுகாதார ஆய்வாளர் என்பவர் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே வந்துபோகும் பகுதிநேரப் பணியாளராக இருந்தார்.

ஆனால் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டால் சிற்றூரின் குறை தீர்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் ஆய்வகத்தில் உறுதியாகும் சால்மோனெல்லா தொற்று, லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 15 என்ற அளவில் இருக்கிறது. அப்படியானால் 2,000 பேர் வாழும் ஊருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அந்த நோய் வரும். அதற்கென ஒரு செவிலியரை நியமித்தாலும் அவருக்குக் கைப்பழக்கம் வராது. முந்தைய விசாரணையில் என்ன கேட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும். அடுத்தடுத்த ஊர்களில் ஒவ்வொன்றாக மூன்று பேர் நோயுற்றாலும், ஒவ்வொரு வாரியமும் தன் ஊரின் ஒரே நோயாளியை மட்டும் பார்ப்பதால், மூவரும் ஒரே கடையில் சாப்பிட்டவர்கள் என்பது உள்ளூரில் யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும். பதினைந்து ஊர்கள் சேர்ந்தால் மக்கள்தொகை 30,000 ஆகும். ஆண்டுக்கு நான்கைந்து பேர் இந்த ஒரு நோய்க்கே வருவார்கள். மற்ற நோய்களையும் சேர்த்தால் ஒரு முழுநேரச் செவிலியருக்குத் தொடர்ந்து வேலை இருக்கும். அவருக்கு அனுபவம் கூடும். ஊர் எல்லைகளைத் தாண்டிய ஒற்றுமைகளும் புலப்படும். எனவே தொகையின் அளவைவிட, எத்தனை ஊர்கள் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

மாநில அரசு அமைத்த சிறப்பு ஆணையம் ஏறக்குறைய இதைத்தான் 2019 ஜூனில் தன் அறிக்கையில் சொன்னது. பல வாரியங்களால் சட்டக் கடமைகளைக்கூட நிறைவேற்ற முடியவில்லை என்று கண்ட ஆணையம், ஊர்கள் பணியாளர்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கையின் மை உலர்வதற்குள் கோவிட் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் நோயாளிகளின் தொடர்புகளைத் தேடும் பணி வாரியங்களின் சக்தியை மீறியது. பாஸ்டனைச் சேர்ந்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனத்தைக் கொண்டு மாநிலம் அவசர அவசரமாக ஒரு பெரும் படையைத் திரட்டியது. ஊர்கள் சேர்ந்து பணிபுரிவதை ஊக்குவிக்கும் சட்டமும் அதே மாதம் கையெழுத்தானது. 2021 டிசம்பரில், மத்திய அரசு தந்த கோவிட் நிவாரண நிதியிலிருந்து சுமார் 20 கோடி டாலரை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரத்துக்கு மாநிலம் ஒதுக்கியது.

இதில் மானியம் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. சில ஊர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு குழுவாகின்றன; அவற்றுள் ஓர் ஊரோ வட்டார அமைப்போ பணத்தைப் பெற்று, செவிலியர், ஆய்வாளர், ஒருங்கிணைப்பாளர் ஆகியோரை நியமிக்கிறது. 300க்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படிக் குழுக்களில் சேர்ந்துள்ளன. வாரியங்கள் கலைக்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆய்வாளர் பொதுவானவர், ஓர் உணவகத்தை மூட உத்தரவிடும் அதிகாரம் மட்டும் அந்தந்த வாரியத்திடமே இருக்கிறது. மாசசூசெட்ஸை உள்ளடக்கிய, ஊர்ப் பெருமை மிகுந்த நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் வாரியங்களை ஒன்றிணைக்கப் புறப்பட்டிருந்தால் திட்டம் முதல் கூட்டத்திலேயே கவிழ்ந்திருக்கும்.

அறிவை மேலேயும் முடிவை உள்ளூரிலும் வைப்பது எப்படி இருக்கும் என்பதை 2024 ஆகஸ்டில் பார்க்க முடிந்தது. கொசுவால் பரவும் கிழக்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் அரிதானது. ஆனால் கடுமையாகத் தாக்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துவிடுவார். பொறிகளில் சிக்கிய கொசுக்களை மாநில ஆய்வகம் சோதித்து, ஊர்வாரியாக ஆபத்து நிலையை அறிவிக்கிறது. அந்த மாதம் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் டக்ளஸ், ஆக்ஸ்போர்டு, சட்டன், வெப்ஸ்டர் ஆகிய நான்கு ஊர்கள் உச்ச ஆபத்து நிலைக்கு உயர்த்தப்பட்டன. மாலை 6 மணிக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம் என்ற பரிந்துரையை ஆக்ஸ்போர்டு வாரியம் ஆதரித்தது. பிள்ளைகளின் மாலை நேர விளையாட்டுகள் தடைபட்டதால் பெற்றோர் எதிர்த்தார்கள். அவர்கள் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்களே.

வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தின் இயல்பு வேறு. அது நெடுங்காலமாக நோயின் பெயரில் வந்தது: ஒரு கொள்ளைநோய் வந்தால் பெருகும், அடங்கினால் வற்றும். காசநோய்க்கு வந்த பணத்தில் வேறு வேலைக்குக் கணினி வாங்க முடியாது. 2022 நவம்பரில் மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி, 107 சுகாதாரத் துறைகளுக்கு ஐந்தாண்டுத் திட்டமாக 320 கோடி டாலர் மானியத்தை அறிவித்தது. பணியாளர், தரவு அமைப்பு, அடிப்படைத் திறன் ஆகியவற்றுக்கு, எந்த நோயின் பெயரும் சேர்க்காமல் அதை வழங்கியதே பெரிய மாற்றம். 2025 மார்ச்சிலோ, கோவிட் காலத்தில் அறிவித்த மானியங்களில் சுமார் 1,140 கோடி டாலரைத் திரும்பப் பெறுவதாக மத்திய அரசு சொன்னது. மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

மாசசூசெட்ஸ் 2024 நவம்பரில் இன்னொரு சட்டம் இயற்றி, எல்லா வாரியங்களுக்கும் குறைந்தபட்சத் தரங்களை வகுக்க வழிசெய்தது. ஆனால் அதற்கான பணத்தை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில்தான் தேட வேண்டும். 2021இல் ஒதுக்கிய நிவாரண நிதியையோ 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. கடைசித் தேதி குறித்த பணத்தில் மென்பொருள் வாங்கலாம், பயிற்சி தரலாம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வரும்படி அனுபவமுள்ள ஒரு செவிலியரை அழைப்பது கடினம்.