சர்வரில் இரண்டான ‘கோவில்’

நான் வேலை பார்த்த ஒரு சிறிய அலுவலகத்தில் மூன்று வகைக் கணினிகள் இருந்தன. கணக்கு எழுதுபவரிடம் விண்டோஸ், பக்கம் வடிவமைப்பவரிடம் மேக், மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர். எல்லாருடைய கோப்புகளும் இரவில் அந்தச் சர்வருக்குப் போய்ச் சேரும். ஒருநாள் காலையில் பார்த்தால் அங்கே ‘கோவில்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம், வித்தியாசமே தெரியவில்லை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்களை லினக்ஸ் அனுமதிக்காது. அப்படியென்றால் அவை ஒரே பெயர் இல்லை!

பள்ளிக்கூடத்தில் ‘கோ’ எழுதப் பழகியதை நினைத்துப் பாருங்கள். முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் துணைக்கால். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. க-வுக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக்கொம்பு ஒரு குறியீடு, துணைக்கால் ஒரு குறியீடு என்று பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடும் சொல்கிறது.

ஆனால் லினக்ஸ் அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை. அதற்குக் கோப்பின் பெயர் வெறும் பைட் வரிசை. யூனிகோடு குறியீடுகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆகவே சேர்த்து எழுதிய ‘கோவில்’ 18 பைட், பிரித்து எழுதியது 21 பைட். விண்டோஸில் நாம் தட்டச்சு செய்யும்போது வழக்கமாகச் சேர்ந்த வடிவமே கிடைக்கிறது. வட்டில் கோப்புகளை எப்படி அடுக்கிவைப்பது என்பதைத் தீர்மானிப்பது கோப்பு முறை. ஆப்பிள் 1998-ல் மேக்குக்குக் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறையோ, எந்தப் பெயர் வந்தாலும் பிரித்துத்தான் சேமிக்கும். 2017-ல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனாலும் பழைய வட்டில் ஏற்கெனவே பிரிந்துபோன பெயர் பிரிந்தேதான் வரும். எங்கள் மேக்கில் இருந்ததும் அப்படி ஒரு பழைய வட்டுதான்.

நீளத்திலும் இதே சிக்கல்தான். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கிலத்தில் எழுதினால் 255 எழுத்துகள். தமிழிலோ 85 குறியீடுகளோடு முடிந்துவிடும். உயிர்மெய் ஒன்றுக்கு இரண்டு குறியீடு என்று வைத்தால் நாற்பது சொச்சம் எழுத்துகள்தான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணுவதில்லை. அது 255 யூடிஎஃப்-16 அலகுகளை ஏற்கிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அதில் ஓர் அலகுதான் என்பதால் நம் எழுத்துக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. அங்கே நிம்மதியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் சர்வருக்கு வரும்போது பிழையாகி நிற்கும். பேக்கப் நிரல் அந்த ஒரு கோப்பை விட்டுவிட்டு மற்றதை முடித்துவிடும். பிழைப் பதிவைத் திறந்து பார்க்காதவருக்கு அது விடுபட்டதே தெரியாது.

எதிர்த்திசையிலும் தடைகள் உண்டு. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி எல்லாம் லினக்ஸில் பெயருக்குள் வரலாம், விண்டோஸில் வரக்கூடாது. லினக்ஸ் சர்வரை விண்டோஸ் கணினிகளோடு பேசவைப்பது சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது அது. விண்டோஸ் ஏற்காத பெயர் வந்தால் சாம்பா அதைச் சிதைத்துக் குறுகலாக்கி, அடையாளமே தெரியாத ஒன்றாகக் காட்டும். கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும்.

அதே டிரிட்ஜெல், பால் மெக்கராஸுடன் சேர்ந்து 1996-ல் வெளியிட்டதுதான் ஆர்சிங்க், ஒரு கணினியின் கோப்புகளை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் நிரல். கணினி அறிவியலில் நான் மிகவும் நேசிக்கும் யோசனைகளில் ஒன்று இதற்குள் இருக்கிறது. இருநூறு பக்கக் கோப்பில் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால், பின்னால் உள்ள எல்லாமே கொஞ்சம் நகர்ந்துவிடும். இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் முழுக் கோப்பும் மாறியதாகத்தான் தோன்றும். ஆர்சிங்க் என்ன செய்கிறது? பழைய பிரதி வைத்திருக்கும் சர்வர் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் பைட்டுகளிலிருந்து இரண்டு அடையாள எண்களை, அதாவது ஓர் எளிய கூட்டலையும் ஒரு வலுவான கூட்டலையும், போட்டு அனுப்புகிறது. அனுப்பும் கணினி, ஒரு துண்டு அகலமுள்ள சாளரத்தைத் தன் புதிய கோப்பின்மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்துகிறது. எளிய கூட்டலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியதில்லை. வெளியே போன பைட்டைக் கழித்து, உள்ளே வந்ததைச் சேர்த்தால் போதும். அது பொருந்தினால் வலுவான கூட்டலால் உறுதி செய்துகொள்ளும். பொருந்தாத பகுதி மட்டும் கம்பியில் போகும்.

ஆனால் எந்தக் கோப்பைத் தொடுவது என்பதை ஆர்சிங்க் வழக்கமாக அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் வைத்தே முடிவு செய்கிறது. லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிவந்தவை நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணுகின்றன, என்டிஎஃப்எஸ் 1601 ஜனவரி 1 முதல். இதை மாற்றிக் கணக்கிடுவது எளிது. தொல்லை பென் டிரைவ்களில் உள்ள ஃபேட் முறையில்தான். அது மாறிய நேரத்தை 2 விநாடிக்கு ஒரு படியாகத்தான் பதிக்கும். ஒற்றைப்படை விநாடியில் சேமித்த கோப்பெல்லாம் மாறிவிட்டதாக நினைத்து ஆர்சிங்க் ஒவ்வொரு முறையும் மறுபடி நகலெடுக்கும். ஒரு விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல ஆர்சிங்க்கில் வழி இருக்கிறது, அதைப் போட்டுவிட வேண்டும்.

இந்த வம்பே வேண்டாம் என்றால், சர்வரின் கண்ணில் கோப்பைக் காட்டாமலே இருக்கலாம். மேக்கின் பேக்கப் நிரலான டைம் மெஷின் அப்படித்தான் செய்கிறது. பகிர்ந்த சர்வரில் அது நிஜ வட்டுபோல நடிக்கும் ஒரு பொய்வட்டை உருவாக்கி, தன் கோப்பு முறையை அதற்குள் அமைத்துக்கொள்கிறது. சர்வருக்குத் தெரிவதெல்லாம் எண் பெயரிட்ட துண்டுகள் மட்டுமே. பெயர், அனுமதி, நேரம் எல்லாம் உள்ளே பத்திரம். ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் நிரல்களும் இப்படித் தம் களஞ்சியத்துக்குள் பொதிந்துதான் வைக்கின்றன. இதில் ஒரு விலை உண்டு: சர்வரில் நேரே போய் ஒரு கோப்பை எடுத்துப் பார்க்க முடியாது, அதே நிரல் கையில் இருக்க வேண்டும். பேக்கப்புக்கு இதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். எல்லாரும் திறந்து வேலை செய்யும் பொது ஃபோல்டரும் பேக்கப்பும் ஒன்றாக இருக்கவே கூடாது.

எங்கள் ‘கோவில்’ விஷயத்தில், ஆர்சிங்க்கின் ஐகான்வ் என்ற விருப்பம் கைகொடுத்தது. மேக்கிலிருந்து வரும் பெயரை வழியிலேயே சேர்ந்த வடிவத்துக்கு அது மாற்றித் தரும். அதைப் போட்ட பிறகு, இரண்டு ஃபோல்டர்களிலும் இருந்த படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பதினோரு படங்கள் பிரிந்த பெயருள்ள ஃபோல்டரில் மட்டும்தான் இருந்தன. அவற்றை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் அந்த ஃபோல்டரை அழித்தோம்.