அப்ரூவல் இருக்கிறது, சரி. மழைத்தண்ணீர் எங்கே போகும்?

போன மாதம் ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் 30-க்கு 40 அடி மனை ஒன்று வாங்கி, கீழ்த்தளம் மட்டும் கட்டிக் குடிபோயிருக்கிறார்கள். இது அங்கே அவர்களுக்கு முதல் மழைக்காலம். அந்த அம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) ஒப்புதல் தந்த வரைபடம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வாங்கிய ரெரா பதிவு எண் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு? அப்புறம் எப்படி சார் கக்கூஸ் வழியா தண்ணி மேல வரும்?"

காகிதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியவில்லை. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. அதே வாரம், எங்கள் ஊருக்குத் தெற்கே இருபது ஏக்கரில் புதிய நகர் வரப்போகிறது என்ற பேச்சும் கிளம்பியது. இன்னும் கல் நடவில்லை, அதற்குள் முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். குடிநீர், வடிகால் வேலையில் இருபத்தேழு வருடம் இருந்துவிட்டு இதற்கு மேலும் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

"டிடிசிபி அப்ரூவல் சார், பயமே இல்லை." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககம் ஒப்புதல் தருவது மனைப்பிரிவு வரைபடத்துக்கு. சாலை விதிப்படி அகலமாக இருக்கிறதா, ஒவ்வொரு மனைக்கும் சாலை இருக்கிறதா, பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அது அவசியமான வேலைதான். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் வாய்க்கு வந்தபடி கல் நட்டு விற்பது குறைந்தது. அந்த ஒப்புதலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வரும் என்றோ, வீட்டைச் சுற்றி வெள்ளம் நிற்காது என்றோ அந்த ஒப்புதல் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. வரைபடத்தில் வடிகால் ஒரு கோடாக இருக்கும். அந்தக் கோடு மனைப்பிரிவின் எல்லையோடு நின்றுவிடும். மழைத்தண்ணீர் அங்கே நிற்குமா?

அங்கீகாரமில்லாமல் 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளை 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்தியவர்களும் இதே நம்பிக்கையில் இருக்கிறார்கள். வரன்முறை ஆணை வந்ததால் தெருவில் வடிகால் முளைக்காது. ரெராவும் அப்படித்தான். 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். உங்கள் பணத்துக்கும் விற்பவரின் வாக்குக்கும் அது பாதுகாப்பு. நிலத்தின் மட்டத்தை அது மாற்றாது.

அந்தத் தம்பதியின் வீட்டுக்கு மறுநாளே நிலமட்டம் அளக்கும் லெவல் மெஷினோடு போனேன். தெரு அழகாக இருந்தது. தார் ரோடு, இரண்டு பக்கமும் கான்கிரீட் வடிகால், மின்கம்பம் எல்லாம் இருந்தன. வடிகாலை ஒட்டியே நடந்து போனோம். கடைசி எல்லைக்கல்லில் போய் அது முடிந்தது. அதற்கு அப்பால் வேறொருவரின் வேர்க்கடலைக் கொல்லை. அவர் வரப்பை உயர்த்தி மண் அணைத்து வைத்திருக்கிறார், அவர் மேல் தப்பே இல்லை. அங்கிருந்து நூற்றைம்பது அடி தள்ளி நெடுஞ்சாலையின் சிறுபாலம். ஸ்டாஃப், அதாவது மட்டம் பார்க்கும் அளவுகோல் வைத்துப் பார்த்தால், பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓட வேண்டிய தரைமட்டம், வடிகால் முடியும் இடத்தைவிட 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் மேடேறாது; தெருவில் நின்று, கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி, கழிவறை வழியே மேலே வரும். அந்த ஐயா ஸ்டாஃபையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கிச் சொல்ல எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

எல்லா அலுவலகத்தையும் தாண்டி இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வருவாய்த் துறையின் நில ஆவணங்களான புலப்படத்திலும் 'அ' பதிவேட்டிலும் புறம்போக்கு ஓடை, வாய்க்கால் இருக்கும். பட்டா நிலத்துக்குள் உழவர்கள் தங்களுக்குள் பேசி வெட்டிக்கொண்ட வடிகால் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அறுபது வருடமாகத் தண்ணீர் அதில்தான் போயிருக்கும். பொக்லைன் வந்த முதல் நாளே அது காணாமல் போகும். ஆய்வுக்கு வருபவர் மே மாதம் வந்தால் அவர் கண்ணில் என்ன படும்? இந்த விஷயத்தில் நான் எந்த வரைபடத்தையும்விட ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் அந்த ஊர் நீர்பாய்ச்சியை நம்புவேன். சில பக்கம் நீர்க்கட்டி என்பார்கள். ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்த வயலில் ஏறி எந்த வயலில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது ஊரில் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிலத்தைப் பாருங்கள்.

நஞ்சையாக இருந்தபோது வரப்பு தண்ணீரைத் தேக்கியது, மண் குடித்தது. இருபது ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 81 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் கணக்குப் பார்த்தால் 670 லாரிக்கு மேல். கூரையும் தார் ரோடும் சிமெண்டுத் தரையும் ஆன பிறகு அதில் பெரும்பகுதி ஓடித்தான் ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் 10 சென்டிமீட்டர் என்பது நம் பக்கம் அதிசயமும் இல்லை. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள். 2015 டிசம்பரில் அங்கே வீட்டு மாடிகளிலிருந்து மக்களைப் படகில் இறக்கினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் என்பதால் அது நாடு முழுக்கத் தெரிந்தது. சின்ன ஊர்களில் இதுவே நடந்தால் செய்தியில்கூட வராது.

அடுத்தது குடிதண்ணீர். "ஓவர்ஹெட் டேங்க் கட்டிக் கொடுத்துட்டாங்க சார்" என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். தொட்டி இருக்கிறது, சரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கள் பேரூராட்சிக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. அந்தத் திட்டத்தைப் போட்டபோது எண்ணிய மக்கள்தொகையில் இந்த இருபது ஏக்கர் இல்லை. சாலை, பூங்கா போக சுமார் 400 மனை வரும். வீட்டுக்கு நான்கு பேர், பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு வழக்கமாகச் சொல்லிவந்த ஆளுக்கு 70 லிட்டர் என்று வைத்தாலே தினமும் 1,12,000 லிட்டர். கூடுதல் ஒதுக்கீடு இல்லாமல் இது வர வேண்டுமானால், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் தெருக்களிலிருந்துதான் வர வேண்டும். இல்லாவிட்டால் ஆழ்துளைக் கிணறுதான், நாம் சொல்லும் போர்.

போரைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தரக் குறியீடு சொல்கிறது. உங்கள் மனை 30-க்கு 40. மூலைக்கு மூலை டேப் பிடித்தாலே 50 அடிதான். உங்கள் மனைக்குள் எங்கே போர் போட்டாலும் அந்த இடைவெளி கிடைக்காது. உங்கள் குழியைத் தள்ளி வைத்தால் பக்கத்து வீட்டுக் குழி நெருங்கும். நானூறு வீட்டிலும் ஆளுக்கொரு போர், ஆளுக்கொரு குழி என்றால் அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியுமா? இதைச் சொன்னால் "ஆர்ஓ போட்டுக்கலாம் சார்" என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

முன்பணம் கொடுக்கும் முன், வசதி செய்துதரும் கடமை யாருடையது, எந்தத் தேதிக்குள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், நோட்டீஸில் போட்ட படமும் வேண்டாம். ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒப்பந்தப்படி செய்துதர வேண்டிய வசதியில் குறை தெரிந்தால், மனை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் சுட்டிக்காட்டினால், 30 நாளில் விற்றவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. எழுதியிருந்தால்தான் கேட்க முடியும். நீர்நிலைக்குப் பக்கத்து நிலமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். இத்தனை உயரம் மண் கொட்டி உயர்த்த வேண்டும், வாய்க்கால் அகலத்தைக் குறைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். முதல் பக்கத்தில் 'தடையில்லை' என்று இருப்பதை மட்டும் காட்டிவிட்டுக் கவரில் வைத்துவிடுவார்கள். மனையைக் கோடையில் பார்த்தீர்களா? ஐப்பசியில் இன்னொரு முறை பாருங்கள். ஆறு மாதம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது நகர் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும். ஆனால் சாலையையும் பூங்கா இடத்தையும் பேரூராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு உடைந்த வடிகாலும் எரியாத விளக்கும் நம் வரிப்பணத்தின் பொறுப்பு. கேட்க வேண்டியதை இறுதி ஒப்புதலுக்கு முன்பே கேட்க வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதம் பொது இடமாக விட்டே ஆக வேண்டும். அந்த இடத்தை விற்க முடியாத கோணல் மூலையில் ஒதுக்காமல், நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வைத்துக் குளம்போல ஆழப்படுத்தச் சொல்லுங்கள்.

வார்டு உறுப்பினரிடமும் செயல் அலுவலரிடமும் மூன்றே மூன்று காகிதம் கேளுங்கள். மனைப்பிரிவிலிருந்து ஓடை வரைக்குமான மட்ட வரைபடம், குடிநீர் வாரியம் கூடுதல் தண்ணீர் ஒதுக்கிய கடிதம், கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில். கருங்குழி பேரூராட்சியில் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது, சின்ன ஊரால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கொடுக்கவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுங்கள்.

கண்டக்டர் ஐயா வீட்டுக் கழிவறைக் குழாயில் எதிர்நீர் தடுக்கும் வால்வு போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. அடைமழை நாளில் கழிவறையையும் பயன்படுத்த முடியாது. பாலம் வழியாகப் போக முடியாத தெருத் தண்ணீர் வெளியேற ஒரே வழி வேர்க்கடலைக் கொல்லைக்காரர் இடம் கொடுப்பதுதான். அவரிடம் பேசப் போகும்போது நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். தெற்கே அந்த இருபது ஏக்கரில் இன்னும் பொக்லைன் இறங்கவில்லை. மட்டம் எடுக்க யாராவது கூப்பிட்டால் மெஷினோடு வருகிறேன், கூலி வேண்டாம்.