ஒரே தானியம், இரண்டு பெயர்: நீலகிரியின் நான்கு குடிகள்

பழங்குடிகள் என்றாலே மலையில் ஒதுங்கி, தமக்குள் மட்டும் வாழ்ந்தவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். நீலகிரியில் அப்படி இருக்கவில்லை. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்தார்கள். இழவு வீட்டில் அவர்கள்தான் வாத்தியம் வாசித்தார்கள். படுகர் சாமையும் ராகியும் விளைவித்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். நான்கு குடிக்கும் மொழி வேறு, தெய்வம் வேறு.

இதில் பேரம் இருக்கவில்லை. ஒரு கோத்தர் குடும்பத்துக்கு இன்னின்ன படுகர் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உறவு இருந்தது. அரிவாள் தேய்ந்தால் படுகர் தம் கோத்தரிடம்தான் போவார். கூலி உடனே இல்லை. அறுவடை முடிந்ததும் தானியமாகப் போய்ச் சேரும். படுகர் கொடுக்கத் தவறினால் அந்தக் கோத்தர் வேலையை நிறுத்திவிடலாம். இன்னொரு கோத்தர் அந்த இடத்துக்கு வரமாட்டார். ஒப்பந்தத்தைக் காத்தது இந்த ஒற்றுமைதான்.

இதை ஆராய்பவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. படுகர் ஆண்டுதோறும் தோடருக்கும் தானியம் கொடுத்தார்கள். தோடரைக் கேட்டால், நிலம் எங்களுடையது, அதற்கான வரி என்பார்கள். படுகரைக் கேட்டால், நாங்களாக மனமுவந்து கொடுப்பது என்பார்கள். ஒரு தரப்பை மட்டும் விசாரித்துவிட்டு எழுதினால், அந்தத் தரப்பின் வாதம் வரலாறாகிவிடும். நிலத்துக்கு உரியவர்கள் தோடர் என்று ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் வாதாடியபோது இந்தக் கேள்வி அரசாங்க விவகாரமாகவே ஆனது. ஆகவே இரு தரப்பையும் தனித்தனியே கேட்க வேண்டும். கொடுக்கும் நேரத்தில் யார் எங்கே நிற்கிறார், யார் எதுவரை உள்ளே வரலாம் என்பதையும் பார்க்க வேண்டும். சொல் மறைப்பதை அந்த இடைவெளி காட்டிவிடும்.

தோடர் இழவுச் சடங்கை எடுத்துக்கொள்வோம். எருமை பலி உண்டு; ஆனால் தோடர் பொதுவாக இறைச்சி உண்பதில்லை. பலியான எருமையைக் கோத்தர் எடுத்துக்கொண்டார்கள். இரு பக்கமும் பொருந்தும் ஏற்பாடு. அதே இறைச்சியைக் காரணம் காட்டித்தான் கோத்தரைத் தாழ்ந்தவர் என்றும் சொன்னார்கள். தேவைப்படுவதும் தாழ்த்துவதும் ஒரே செயலுக்குள் இருந்தன. குறும்பர் நிலை இன்னும் கொடுமை. அவர்களுடைய மந்திரத்தை நம்பிப் படுகர் ஊர்கள் காவலுக்கு ஒரு குறும்பரை வைத்துக்கொண்டன. நோய் பரவியபோது அதே மந்திரத்தின் பேரில் 19-ஆம் நூற்றாண்டில் குறும்பர்களைக் கொன்றும் இருக்கிறார்கள். இந்த உறவை வெறும் நல்லிணக்கம் என்று புகழ்வது உண்மைக்குச் செய்யும் அநீதி.

இது குலைந்ததற்குத் திடீர்ப் பகை காரணமில்லை. 1819-இல் சல்லிவன் மலையேறிய பின் சாலை, சந்தை, உருளைக்கிழங்கு, ரொக்கப் பணம் எல்லாம் வந்தன. 1901-இல் படுகர் 30,000-க்கு மேல். கோத்தரோ ஆயிரத்துச் சொச்சம். அத்தனை வீட்டுக்கும் அவர்களால் கருவி செய்து கொடுக்க முடியாது. கடையில் காசுக்கு அரிவாள் கிடைத்தது. கடைசியில் மிஞ்சிய பிணைப்பு இசை. 1930-களில் மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் அங்கே ஆய்வு செய்த காலத்தில், கோத்தர் வாத்தியம் இனி வேண்டாம் என்றது சீர்திருத்தம் பேசிய படுகர் தரப்பு. அது இல்லாமல் இறந்தவரை எப்படி அனுப்புவது என்றது பழைய தரப்பு. சண்டை மூண்டது படுகருக்குள்ளேயே.