சிங்கப்பூரில் கம்பெனி தொடங்க: பணம் அனுப்பும் முன் இங்கே செய்யவேண்டியவை

மண்ணடி, பர்மா பஜார் பக்கம் சிங்கப்பூர் யாருக்கும் புதிதில்லை. குருவியாகப் போய் சாமான் எடுத்துவந்த தெருக்களில் இப்போது கேட்கும் கேள்வி வேறு: அங்கேயே நம் பெயரில் கம்பெனி பதியலாமா?

தாராளமாக. பங்குகள் மொத்தமும் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். மூலதனம் 1 சிங்கப்பூர் டாலர் இருந்தால் போதும். அரசுக் கட்டணம் பெயருக்கு 15 டாலர், பதிவுக்கு 300 டாலர். ஆனால் டைரக்டர்களில் ஒருவராவது அங்கே குடியிருப்பவராக இருக்கவேண்டும். ஆறு மாதத்துக்குள் செக்ரட்டரி நியமிக்கவேண்டும். வெளிநாட்டவர் பதிவு பெற்ற ஏஜென்சி மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும். ஆள் இல்லாதவர்களுக்குப் பெயரளவில் ஒரு டைரக்டரை ஏஜென்சியே தரும், வருடா வருடம் கட்டணத்தோடு. கொட்டேஷனில் இரண்டாம் வருடச் செலவையும் எழுதி வாங்குங்கள். கம்பெனி இருக்கிறது என்பதற்காக அங்கே தங்கி வேலை பார்க்க முடியாது. அதற்குத் தனி பாஸ் வேண்டும்.

இதையெல்லாம் ஏஜென்சியே சொல்லிவிடும். இந்தியப் பக்கத்து விதியைச் சொல்லத்தான் ஆளில்லை.

2022 ஆகஸ்ட் 22 முதல் நடப்பில் உள்ள வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பங்குச்சந்தையில் இல்லாத அயல்நாட்டுக் கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வாங்கினாலும் அது நேரடி முதலீடு. ஆகவே முதலில் உங்கள் பேங்க்கில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குப் போய் ‘எஃப்சி’ படிவம் கொடுக்கவேண்டும். அதன் பேரில் ரிசர்வ் வங்கியின் அடையாள எண் கிடைத்த பிறகே பணம் கிளம்பவேண்டும். பங்குப் பத்திரத்தை ஆறு மாதத்துக்குள் அதே பேங்க்கில் காட்டவேண்டும்.

தனிநபர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 அமெரிக்க டாலர். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புச் செலவு, டூர் செலவு எல்லாம் இதற்குள் அடக்கம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு பேங்க் 20 சதவீதம் வரி பிடிக்கும். 15 லட்சம் அனுப்ப நினைத்தால் கையில் 16 லட்சம் இருக்கவேண்டும். அந்த ஒரு லட்சத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

“மச்சான் அங்க போட்டுடுவாரு, நான் இங்க கையில குடுத்துடறேன்” என்ற உண்டியல் கணக்கு வேண்டவே வேண்டாம். இந்த முதலீட்டுக்கு ரொக்கம் செல்லாது. பேங்க் பதிவு இல்லாத முதலீட்டின் லாபத்தை ஊருக்குக் கொண்டுவரும்போதும் வில்லங்கம்தான்.

கடைக்கு வருமான வரிக் கணக்கை ஐடிஆர் 4 படிவத்தில் போட்டுவந்தவர் இனி ஐடிஆர் 3-க்கு மாறி, வருமானமே இல்லாவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்தப் பங்கைக் காட்டவேண்டும். மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டிய சொத்தை மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு.

பலரும் தடுக்கி விழுவது, அந்தக் கம்பெனி பற்றி ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கையில். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் அதை பேங்க் வழியாகக் கொடுக்கவேண்டும். சின்னக் கம்பெனிக்கு சிங்கப்பூர் ஆடிட் கேட்பதில்லை. ஆனால் கம்பெனி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், ஆடிட் செய்த கணக்கைத்தான் இங்கே ஏற்பார்கள். ஏஜென்சி பேக்கேஜில் ஆடிட் பெரும்பாலும் இருக்காது, தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். தவறினால் தாமதக் கட்டணம் அறிக்கை ஒன்றுக்கு 7,500 ரூபாய். அதைக் கட்டிச் சரிசெய்யும்வரை அந்தக் கம்பெனிக்கு மேற்கொண்டு பணம் அனுப்ப முடியாது.